மூட்டு வலிக்கு வீட்டில் யோகா: எந்த வீடியோவைப் பார்த்துச் செய்வது?



நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீடுகளில் இன்று அடிக்கடி காதில் விழும் பேச்சு இரண்டு. ஒன்று, "முட்டி வலிக்குது, உட்கார்ந்தா எந்திரிக்க முடியல" என்பது. மற்றொன்று, "போன்லதான் யோகா காட்டுறாங்களே, அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதானே" என்பது.

இரண்டாவது பேச்சில் நியாயம் உண்டு. மூட்டு வலி உள்ளவர் அசையாமல் முடங்கிக் கிடப்பதைவிட அளவாக அசைவதே நல்லது. ஆனால் போனில் இருப்பது ஒரு வீடியோ அல்ல, ஆயிரக்கணக்கான வீடியோக்கள். அவற்றில் உங்கள் மூட்டுக்கு நன்மை செய்பவையும் உண்டு. கெடுதல் செய்பவையும் உண்டு.

ஒன்றை முதலிலேயே மனதில் கொள்ளுங்கள். ஆசிரியர் நேரில் நின்று கற்றுக்கொடுத்தால், உங்கள் முகம் வலியால் சுளிப்பதைப் பார்ப்பார். "போதும், நிறுத்துங்க" என்பார். வீடியோவில் வருபவர் பேசுவார். ஆனால் உங்களைப் பார்க்கமாட்டார். உங்கள் முட்டி வீங்கியிருப்பது அவருக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டிய கண் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மனைவிக்கு வலி என்றால் கணவரின் கண்; கணவருக்கு வலி என்றால் மனைவியின் கண். ஆகவே இந்தப் பிரசுரத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்கச் சிரமம் என்றால் மற்றவர் வாசித்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இருப்பது எந்த மூட்டு வலி?

"வாதம்" என்ற ஒரே சொல்லால் நாம் பல நோய்களைக் குறிப்பிடுகிறோம். ஆனால் அவை ஒன்றல்ல.

1. மூட்டுத் தேய்மானம்: எலும்பின் முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்து நலிவதால் வருவது. முழங்காலில் அதிகம். வயது, உடல் பருமன், பழைய அடி, குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் பல ஆண்டு செய்த வேலை ஆகியவை காரணங்கள். நடந்தால், படியேறினால் வலிக்கும். ஓய்வெடுத்தால் குறையும். காலையில் பிடிப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் விட்டுவிடும்.

2. முடக்குவாதம்: நோயை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. கைவிரல், மணிக்கட்டு, பாதம் ஆகியவை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும். காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. முப்பது வயதிலும் வரலாம். இதற்கு ஆரம்பத்திலேயே மருந்து தொடங்க வேண்டும். தாமதித்தால் விரல்கள் கோணிவிடும்; கோணிய விரலை எந்த ஆசனமும் நிமிர்த்தாது.

3. யூரிக் அமில வாதம்: பெரும்பாலும் இரவில், திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் உயிர் போகும் வலி. ஆண்களுக்கு அதிகம்.

4. சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் மூட்டு வலி: காய்ச்சல் போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். 2006-ஆம் ஆண்டு அந்தக் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவியபோது பல ஊர்கள் இதை அனுபவித்தன.

ஒரு நோய்க்கு ஏற்ற பயிற்சி மற்றொன்றுக்கு ஏற்றதாக இராது. எனவே வீடியோவைத் தேடும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, "எனக்கு இருப்பது எந்த வகை? எந்த மூட்டை எவ்வளவு மடக்கலாம்? எதைச் செய்யக்கூடாது?" என்ற மூன்று கேள்விகளையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துணைவரும் உடன் சென்று கேட்பது நல்லது. வலியில் இருப்பவர் பாதியை மறந்துவிடுவார்.

டாக்டர் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாதவர்கள்

மூட்டு சிவந்து, சூடாக, வீங்கி இருப்பவர்கள், மூட்டு வலியோடு காய்ச்சல் உள்ளவர்கள், கீழே விழுந்த பின் காலை ஊன்ற முடியாதவர்கள், செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டவர்கள், எலும்பு வலுவிழந்தவர்கள், கண்ணில் நீரழுத்த நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள்.

மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் யோகாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாட்களிலேயே மூட்டு பாழாகிவிடும்.

முடக்குவாதம் உள்ள இளம் தம்பதியருக்கு இன்னொரு செய்தி. இந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே, கரு உண்டாகும் முன்பே, டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் மருந்தை மாற்றித் தருவார். அதுவரை கருத்தடை முறை ஒன்றைக் கடைப்பிடியுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

யோகா என்ன செய்யும்? என்ன செய்யாது?

தேய்ந்த குருத்தெலும்பை யோகா மீண்டும் வளர்க்காது. முடக்குவாதத்தை வேரோடு அறுக்காது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வீடியோக்களின் பொய் விளங்கிவிடும்.

அப்படியானால் பயன் என்ன? முழங்காலைத் தாங்குவது எலும்பு மட்டும் அல்ல, தொடையின் முன்தசையும்தான். அந்தத் தசை வலுவானால் மூட்டின் மீது விழும் பாரம் குறையும். பிடிப்பு தளரும், தள்ளாட்டம் குறையும், தூக்கம் நன்றாக வரும். முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி அவசியம் என்றும், யோகாவும் உதவக்கூடும் என்றும் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. இதோடு உடல் எடையும் குறைந்தால் நன்மை இரட்டிப்பாகும். ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறைகிறது.

நல்ல வீடியோவின் அடையாளங்கள்

1. யாருக்கான பயிற்சி என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். "முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு", "நாற்காலியில் அமர்ந்து செய்பவை" என்று தெளிவாக இருக்க வேண்டும். "எல்லா வலிக்கும்" என்பது யாருக்கும் ஆகாது.

2. கற்றுத் தருபவரின் படிப்பைச் சொல்ல வேண்டும். யோகா, இயற்கை மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா, பிசியோதெரபிஸ்டா, மூட்டு நோயாளிகளோடு பழகியவரா என்று பாருங்கள். உடம்பை வில்லாக வளைக்கத் தெரிந்தவர் எல்லாம் நோயாளிக்குச் சொல்லித்தரத் தெரிந்தவர் அல்ல.

3. யார் செய்யக்கூடாது என்று எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கையே இல்லாத வீடியோ பொறுப்பில்லாத வீடியோ.

4. முடியாதவருக்கு மாற்று வழி காட்ட வேண்டும். நாற்காலி, சுவர், தலையணை, மடித்த போர்வை ஆகியவற்றைப் பயன்படுத்திக் காட்டுகிறாரா? "நாற்காலியில் உட்கார்ந்து செய்வதெல்லாம் யோகாவா?" என்று சிலர் ஏளனம் செய்வார்கள். உலகம் அறிந்த யோகாசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார் (1918–2014) நாற்காலி, கயிறு, கட்டை, போர்வை ஆகியவற்றை வைத்தே நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆகவே வெட்கம் வேண்டாம்.

5. நிதானமாக இருக்க வேண்டும். முதல் சில நிமிடம் விரல், மணிக்கட்டு, தோள், கணுக்கால் ஆகியவற்றை மெல்ல அசைத்து உடம்பைச் சூடாக்க வேண்டும். முடிவில் ஓய்வும் இருக்க வேண்டும்.

6. காலும் கையும் முழுதாகத் தெரிய வேண்டும். முகத்தை மட்டும் காட்டிப் பேசும் படத்தைப் பார்த்து ஆசனம் கற்க முடியாது.

7. உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். மண்டியிட்டபடி தலையைத் தூக்கிப் படத்தைப் பார்ப்பதும், புரியாமல் திரும்பிப் பார்ப்பதும் கழுத்துச் சுளுக்கில் கொண்டு விடும். காதால் கேட்டே செய்ய முடிந்தால் அது நல்ல வீடியோ.

8. முதல் மாதத்துக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிட வீடியோ போதும். ஒரு மணி நேர வீடியோ ஆர்வத்தைக் கெடுக்கும்.

ஒதுக்க வேண்டிய வீடியோக்கள்

"ஏழே நாளில் மூட்டு வலி மாயம்", "ஆபரேஷன் தேவையில்லை", "மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று தலைப்பு இருந்தால் திறக்கவே வேண்டாம். "வலித்தாலும் விடாதீர்கள், வலி வந்தால்தான் குணமாகும்" என்று சொன்னால் உடனே மூடிவிடுங்கள். நடுவிலோ முடிவிலோ எண்ணெய், பொடி, லேகியம் விற்றால் அது யோகா வகுப்பு அல்ல, கடை. பெயர், மருந்து விவரம் இல்லாத சில வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அது வலியை உடனே அமுக்கும். பின்னர் எலும்பையும் சர்க்கரை அளவையும் கெடுக்கும்.

"பத்து லட்சம் பேர் பார்த்திருக்காங்களே?" என்று கேட்கலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தெரியும். எத்தனை பேருக்கு முட்டி வீங்கியது என்பது தெரியாது. பார்வை எண்ணிக்கை தரத்துக்குச் சான்று அல்ல.

அரசு வெளியிட்ட வீடியோ என்றாலும் யோசித்தே செய்யுங்கள். 2015-ஆம் ஆண்டு முதல் ஜூன் 21 அன்று சர்வதேச யோகா தினம் கொண்டாடப்படுகிறது. அதற்கென ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொது யோகா முறை பொதுமக்கள் எல்லோருக்குமானது. அதில் முழங்காலை முழுதும் மடக்கும் வஜ்ராசனமும் உண்டு. நல்ல முறைதான், ஆனால் முட்டி வலிக்காரர் அப்படியே செய்வதற்கானது அல்ல.

எவற்றில் எச்சரிக்கை தேவை?

முழங்கால் வலி உள்ளவர்கள்: வஜ்ராசனம், பத்மாசனம், குத்துக்காலிட்டு அமரும் ஆசனம், மண்டியிட்டுச் செய்பவை, வேகமான சூரிய நமஸ்காரம் ஆகியவை வேண்டாம். பதிலாக, நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி ஊன்றியபடி மற்றக் காலை நேராகச் சிறிது உயர்த்துவது. சுவரைப் பிடித்து நேராக நின்று குதிகாலை உயர்த்துவது ஆகியவை உள்ள வீடியோவைத் தேடுங்கள்.

கைவிரல், மணிக்கட்டு வலி உள்ளவர்கள்: உடல் பாரத்தை உள்ளங்கையில் தாங்கும் ஆசனங்கள் வேண்டாம். விரலை மெல்ல மூடித் திறப்பது, மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றுவது போதும்.

முடக்குவாதம் உள்ளவர்கள்: சிரசாசனம், சர்வாங்காசனம், கழுத்தை வட்டமாகச் சுழற்றும் பயிற்சி ஆகியவற்றைத் தொடவே கூடாது. இந்நோயில் கழுத்தின் மேல் எலும்புகளின் பிணைப்பும் தளர்ந்திருக்கலாம். அங்கே தண்டுவடம் இருக்கிறது.

கர்ப்பிணிகள்: குப்புறப் படுத்துச் செய்பவை, வயிற்றை முறுக்குபவை, மாதம் ஏறிய பின் நெடுநேரம் மல்லாந்து கிடப்பவை ஆகியவற்றைத் தவிர்க்கவும். கர்ப்பிணிகளுக்கென்றே உள்ள பயிற்சியை நர்ஸிடம் கேட்டு அறியவும்.

இருவரும் சேர்ந்து செய்யும் முறை

முதல் நாள் பார்க்க மட்டும்: இருவரும் உட்கார்ந்து வீடியோவை முழுவதும் பாருங்கள். எதையும் செய்ய வேண்டாம். மேலே சொன்ன எட்டு அடையாளங்களில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். முடியாத ஆசனம் எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் செய்ய ஒருவர், பார்க்க ஒருவர்: வலி உள்ளவர் செய்யட்டும். துணைவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் நிறுத்தட்டும். வேகம் அதிகம் என்றால் போனிலேயே வேகத்தைக் குறைக்கலாம். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அது உங்களுக்கானது அல்ல, நிறுத்திவிடுங்கள். துணைவர் பார்க்க வேண்டியது போனை அல்ல, செய்பவரின் முகத்தை. மூச்சை அடக்குகிறாரா, பல்லைக் கடிக்கிறாரா, வலிக்கிற காலை ஒதுக்குகிறாரா என்று கவனியுங்கள்.

பேச்சு இப்படி இருக்கட்டும்:

மனைவி: என்னங்க, அந்தம்மா காலை மடக்கி உட்காரச் சொல்றாங்க. எனக்கு வரலையே.

கணவர்: வரலைன்னா விடும்மா. அவங்களுக்கு உன் முட்டி தெரியுமா? நாற்காலியில உட்கார்ந்துக்க.

மனைவி: முந்தாநாள் செஞ்சதுக்கே ராத்திரி வரைக்கும் வலிச்சுது. சொன்னா நிறுத்தச் சொல்லிடுவீங்கன்னு சொல்லல.

கணவர்: நிறுத்த வேணாம், குறைச்சுக்குவோம். பத்து தடவைக்கு இன்னிக்கு அஞ்சு தடவை போதும். ஆனா வலிச்சா மறைக்காதே.

"வலிச்சா மறைக்காதே" என்ற இந்த ஒரு சொல் மிக முக்கியம். நம் வீடுகளில் பெண்கள் வலியைச் சொல்வதில்லை. சொன்னாலும், "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலால் முடக்குவாதத்துக்கு மருந்து தொடங்க வேண்டிய நல்ல மாதங்கள் வீணாகின்றன. வலியைக் கேட்டறிவதும் குடும்ப நலம்தான்.

இன்னொன்று, கணவர்மார்களுக்கு. மனைவிக்குப் பதினைந்து நிமிடம் ஓய்வாகக் கிடைப்பது எளிதல்ல. அந்த நேரம் அடுப்பையும், மாட்டையும், பேரக் குழந்தையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பம் என்றால் அறைக் கதவைச் சாத்தி, யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புடவையோடு காலை உயர்த்த அவர் கூச்சப்படலாம். தளர்வான உடை உடுத்தட்டும்.

இடமும் நேரமும்

சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துச் செய்யவும். காலைப் பிடிப்பு அதிகம் உள்ளவர்கள் எழுந்தவுடன் செய்யாமல், வெந்நீரில் குளித்து உடம்பு தளர்ந்த பின் செய்யவும். சிமென்ட் தரையில் கோரைப்பாய் வழுக்கும். நின்று செய்பவற்றை வெறுங்காலோடு வெறுந்தரையில், சுவரை ஒட்டிச் செய்யவும். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரில் முட்டுக்கொடுத்து வைக்கவும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாதவர்கள் கட்டிலில் படுத்துச் செய்யலாம்.

இரண்டு மணி நேரக் கணக்கு

அளவு சரிதானா என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழிந்த பின்னும் மூட்டு வலி முன்பைவிட அதிகமாக இருந்தால், செய்தது அதிகம். அடுத்த முறை பாதியாகக் குறைக்கவும். தொடைத் தசையில் இலேசான வலி ஓரிரு நாள் இருப்பது புதுப் பழக்கத்தால் வருவது, பயப்பட வேண்டாம். ஆனால் மூட்டுக்குள்ளே குத்தும் வலி, புது வீக்கம், மரத்துப்போதல் வந்தால் நிறுத்தி, டாக்டரைப் பாருங்கள்.

சில கேள்விகளும் பதில்களும்

"முட்டி தேஞ்சு போச்சுங்கிறாங்க. ஆசனம் செஞ்சா இன்னும் தேயாதா?"
அளவான பயிற்சியால் மூட்டு தேயாது. அசையாமல் இருந்தால்தான் தசை மெலிந்து மூட்டு தனியாகப் பாரத்தைச் சுமக்கும்.

"நாத்து நடுறோம், களை எடுக்கிறோம். அதுவே போதாதா?"
உழைப்பு வேறு, பயிற்சி வேறு. குனிந்தபடியும் குத்துக்காலிட்டபடியும் மணிக்கணக்கில் செய்யும் வேலை ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப வருத்துகிறது. பயிற்சி அந்த மூட்டைத் தாங்கும் தசையை வலுவாக்குகிறது. வேலையின் நடுவே அவ்வப்போது நிமிர்ந்து நின்று காலை நீட்டுவதும் நல்லது.

"எத்தனை நாள்ல தெரியும்?"
வாரத்தில் நான்கைந்து நாள் விடாமல் செய்தால், ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். படியேறுவது எளிதாகிறதா, கிணற்றடிக்கு நடந்து வந்தால் வலி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா?"
நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டரின் பொறுப்பு. வீடியோவின் பொறுப்பு அல்ல.

"நல்ல வீடியோ கண்டுபிடிக்கவே முடியல."
கவலை வேண்டாம். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடமோ, அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவிலோ, யோகா, இயற்கை மருத்துவப் பிரிவிலோ கேளுங்கள். அங்கே ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு, செய்யும் முறையை உங்கள் போனிலேயே துணைவரைக் கொண்டு அனுமதியோடு படம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் முட்டியைப் பார்த்தவர் சொல்லிக்கொடுத்த அந்தப் படத்தைவிட நல்ல வீடியோ வேறு இல்லை.

மறவாதீர்கள்

நோயை அறிந்து வீடியோவைத் தேர்ந்தெடுங்கள்.
முதலில் பாருங்கள், பிறகு செய்யுங்கள்.
வலித்தால் சொல்லுங்கள், சொன்னால் கேளுங்கள்.

சொல்லித்தருவது வீடியோ, பார்த்துக்கொள்வது வாழ்க்கைத் துணை!